பத்தாவது படம்

புதுச்சேரியில் அரசி டீச்சரிடம் ஓவியம் கற்க வந்தவர்களில் வயதில் மூத்தவர் சவரிநாதன். ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

மூன்று வருடமாக அவர் ஒரே கதையைத்தான் வரைந்தார். கிரேக்கக் கதை. ஆர்ஃபியூஸ் என்ற பாடகனின் மனைவி பாம்பு கடித்து இறந்துபோகிறாள். அவன் மரண உலகத்துக்கே போய்ப் பாடுகிறான். அந்த உலகத்து அரசன் மனமிரங்குகிறான். "கூட்டிக்கொண்டு போ. உன் பின்னால் வருவாள். வெளியே போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்காதே" என்கிறான். வாசல்வரை வந்துவிட்டு அவன் திரும்பிவிடுகிறான். அவள் மறைந்துபோகிறாள்.

ஒன்பது படங்கள். எல்லாவற்றிலும் அவன் தலையில் கை வைத்து நின்றான். அவள் முகம் புகையாகக் கலைந்திருந்தது.

ஒன்பதாவதை முடித்த மத்தியானம் சவரிநாதன் கேட்டார்.

"இன்னும் பத்து அடிதான் டீச்சர். அதுக்குள்ள ஏன் திரும்பினான்? இதுக்கு மன்னிப்பு உண்டா?"

"யாருக்குக் கேக்கறீங்க சார்? அவனுக்கா?"

சவரிநாதன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரி பிலோமியை ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போனாங்க. மயக்க ஊசி போட்டாச்சு, யாரும் பேச்சுக் கொடுக்காதீங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. எனக்குத் தாங்கல. கதவுகிட்ட பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டேன். தலையைத் தூக்கித் திரும்பினா. அப்புறம் கண்ணே திறக்கல. கடைசி நேரத்துல பயமுறுத்தி அனுப்பிட்டேனோ என்னவோ."

டீச்சர் வெற்று கேன்வாஸ் ஒன்றை எடுத்து ஸ்டாண்டில் வைத்தார்.

"இதுல அவன் வேண்டாம் சார். திரும்பினப்ப அவன் கண்ணுல பட்டது மட்டும் போதும்."

முதல் இரண்டு நாள் சவரிநாதன் பிரஷ்ஷைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் ஆரம்பித்தவர் மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் டீச்சரைக் கூப்பிட்டார்.

கேன்வாஸ் முழுக்க ஒரு பெண்ணின் முகம். நெற்றியில் நரைமுடி ஒட்டியிருந்தது. லேசாகத் தூக்கிய தலை. தெற்றுப்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிப்பை வரையணும்னு நான் நெனைக்கவே இல்ல டீச்சர். கை அப்படிப் போயிடுச்சு."

"அன்னைக்குச் சிரிச்சாங்களா?"

சவரிநாதன் வெகுநேரம் படத்தையே பார்த்தார்.

"சிரிச்சா டீச்சர். நான் கூப்பிட்டதும் இப்படித்தான் சிரிச்சா."

"அப்ப, நீங்க கூப்பிட்டது அவங்களுக்குப் பிடிச்சிருக்கு சார்" என்றார் டீச்சர்.