முன்னால் ஒரு சொல், பின்னால் ஒரு வயல்

பூங்குன்றை நாட்டு அரசர் கடம்பவழுதிக்குச் சொல் பைத்தியம். தினமும் ஒரு புதுச்சொல் காதில் விழாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அதற்காகவே ஓர் ஆணை போட்டிருந்தார்: ‘ஒரு பொருளுக்குப் புதுப்பெயர் சொல்பவர் எந்த வயலைக் கைகாட்டுகிறாரோ, அது யாருடையதானாலும் அவருக்கே சொந்தம்.’

அந்த ‘யாருடையதானாலும்’ என்பதை ஆணைக்குள் நைசாக நுழைத்தவர் அவைப் புலவர் ஈசான தேசிகர். காலையில் வருவார், ஒரு சொல்லை அவிழ்ப்பார், ஒரு வயலைக் கைகாட்டுவார், போய்விடுவார். “அரசே, சூரியனுக்குச் செங்கதிர் என்று பெயர்!” ஒரு வயல். மறுநாள், “வெங்கதிர் என்றும் சொல்லலாம்!” இன்னொரு வயல். நிலவுக்கு வெண்கதிர். அதற்கடுத்த நாள் தண்கதிர். இப்படியே நாற்பது வயல் சேர்த்துவிட்டார். அத்தனையும் ஏரித் தண்ணீர் பாயும் நல்ல வயல்கள். மனுஷர் மேட்டு நிலத்தை ஒரு நாளும் கைகாட்டியதில்லை!

அரசரோ அந்தப்புரத்தில் போய், “வெங்கதிர் சுடுகிறது, சன்னலைச் சாத்துங்கள்” என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். வயலைப் பறிகொடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர் கேட்டதே இல்லை.

அரசாணைகளை ஓலையில் எழுதுபவர் திருமலைக்கொழுந்து. நாற்பது ஓலையும் அவர் கையால் எழுதியவைதான். ஒவ்வொன்றை எழுதும்போதும் அவருக்கு வயிறு எரியும். எரிந்து என்ன செய்ய?

ஒருநாள் காலை அவர் அரண்மனைக்குப் புறப்பட்டபோது பூவாயி வழிமறித்தாள். புருஷன் இல்லாமல், புளியடி வயல் ஒன்றை நம்பி மூன்று பிள்ளைகளை வளர்ப்பவள். தேய்ந்துபோன கலப்பைக் கொழுவைக் கொல்லரிடம் எடுத்துப் போய்க்கொண்டிருந்தாள்.

“அய்யா, நேத்து அந்தப் புலவர் எங்க வரப்புல நின்னு கதிரைத் தடவிப் பாத்துட்டுப் போனாரு. அவரு தடவுன வயலு தங்காதாமே! கதிரு பால் புடிச்சு நிக்குதய்யா. வயலு போச்சுன்னா புள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போவேன்?”

கொழுந்து அவள் கையிலிருந்த கொழுவைப் பார்த்தார். “இதுவரை வயல் போனவர்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு சபைக்கு வா. நான் எதைக் கேட்டாலும் மனசில் பட்டதைச் சொல்லு. அது போதும்” என்றார்.

சபை கூடியது. தேசிகர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அரசே! வெள்ளிக்கு வெண்பொன் என்று பெயர்!”

“ஆகா! வெண்பொன்!” அரசர் சொல்லிச் சொல்லிச் சுவைத்தார். “எந்த வயல் வேண்டும்?”

“ஏரிக்கரைப் புளியடி வயல்.”

சபையில் முன்னால் நின்ற பூவாயி கொழுவை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“கொழுந்து, எழுதும்” என்றார் அரசர்.

கொழுந்து எழுத்தாணியை எடுத்தார். கீழே வைத்தார். “எழுதுகிறேன் அரசே. அதற்கு முன் இந்தப் பூவாயியிடம் ஒன்று கேட்டுக்கொள்ளலாமா?”

“கேளும்.”

“பூவாயி, உனக்குப் பொன் தெரியுமா?”

“கேள்விப்பட்டிருக்கேன் அய்யா.”

சபையில் சிரிப்பு எழுந்தது.

“வெள்ளையாக இருப்பதால் வெள்ளிக்கு வெண்பொன் என்று பெயராம். அப்படியானால் உன் கையில் இருக்கிற இரும்பை என்னவென்று கூப்பிடலாம்?”

பூவாயி கொழுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது கறுப்பால்ல இருக்கு? கரும்பொன்னுங்களா?”

மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள். தேசிகர் மட்டும் சிரிக்கவில்லை. வரும் நாட்களுக்கான சொற்களை எழுதி இடுப்பில் செருகியிருந்த ஓலைக்கட்டை அவர் கை இறுகப் பிடித்துக்கொண்டது.

“தேசிகரே, நாளைய ஓலையைக் கொஞ்சம் காட்டுங்களேன்” என்றார் கொழுந்து.

“அது நாளைக்கு!”

அரசர் கையை நீட்டினார். வேறு வழியில்லாமல் தேசிகர் கொடுத்தார். அதில், ‘இரும்பு: கரும்பொன்’ என்று எழுதியிருந்தது.

அரசர் திகைத்துப்போனார். “எழுத்தே தெரியாத உனக்கு இதை யாரம்மா சொல்லிக்கொடுத்தது?”

“யாரும் சொல்லலீங்க மகராசா. முன்னால இருந்த வெள்ளைய எடுத்துட்டுக் கறுப்பப் போட்டேன். அம்புட்டுதான்.”

அரசரின் உதடுகள் முணுமுணுத்தன. செங்கதிர், வெங்கதிர், வெண்கதிர், தண்கதிர்... அவர் முகம் சிவந்தது. “அடப்பாவமே! ஒரே கதிரையா நாலு தடவை வாங்கினேன்?”

“ஆமாம் அரசே. தலைப்பாகையைத்தான் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு வந்தது” என்றார் கொழுந்து.

“ஆனால் ஆணை போட்டுவிட்டேனே! இனி என்ன செய்ய?”

“ஆணைப்படியே செய்வோம். கரும்பொன்னை முதலில் சொன்னவள் இவள். பூவாயி, எந்த வயல் வேண்டுமோ கைகாட்டு.”

பூவாயி கொழுவாலேயே சன்னலுக்கு வெளியே காட்டினாள். “எங்க புளியடி வயலு!”

“அது என் வயல்! இப்போதுதானே கைகாட்டினேன்!” என்று குதித்தார் தேசிகர்.

“யாருடையதானாலும் என்று ஆணையில் இருக்கிறதே, புலவரே” என்றார் கொழுந்து.

அதற்குள், பூவாயியோடு வந்து வாசலில் நின்றிருந்த வயல் போனவர்கள் உள்ளே நெருக்கியடித்து வந்துவிட்டார்கள். “கடலுக்குப் பெருநீர்!” என்றார் ஒருவர். தம் பழைய வயலைக் கைகாட்டினார். “முயலுக்கு நெடுஞ்செவி! தெனம் வரப்புல பாக்குறோமே!” என்றாள் ஒருத்தி. அவளும் கைகாட்டினாள். அரசருக்கு ஒரே கொண்டாட்டம். ஒருநாளில் இத்தனை சொல் அவருக்குக் கிடைத்ததே இல்லை! உச்சிவேளைக்குள் நாற்பது வயலும் உழுதவர்களிடமே திரும்பிவிட்டன. பூவாயி அழுதுகொண்டே சிரித்தாள்.

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றிக் கொழுந்தின் கழுத்தில் போட்டார். “வேறென்ன வேண்டும், கேளும்!”

“நாற்பத்தோரு ஓலை எழுத வேண்டும் அரசே. மணிக்கட்டுக்குத் தேய்க்க ஒரு குடம் நல்லெண்ணெய் போதும்.”

அரசர் தொடையைத் தட்டிச் சிரித்தார். வயலெல்லாம் போன தேசிகர் குறுக்கே பாய்ந்தார்.

“அரசே, இது அநியாயம்!”

அரசர் கண்ணில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டார்.

“நியாயம் எனக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்தான், தேசிகரே. முன்னால் ஓர் ‘அ’வைச் சேர்த்துக்கொண்டு வந்தால் இனிமேல் வயல் கிடையாது!”