ஈச்சையும் பேரீச்சையும் திருமேனியாரும்

ராஜா கதை என்றால் நாட்டில் எத்தனை மழை பெய்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அடுப்பில் பருப்பு இருக்கிறது. செங்கழுநீர்ப்பட்டணத்தில் கரியமாணிக்கர் என்று ஒரு ராஜா. அவருக்குப் பேரீச்சம்பழம் என்றால் உயிர். அவர் சபையில் திருமேனியார் என்று ஒரு புலவர். அவருக்குத் தன் வாய் என்றால் உயிர்.

ஒரு விருந்தில் நெய்ச்சோறு உள்ளே போன தெம்பில் புலவர், "பனையோ கமுகோ ஈச்சையோ, கன்றிலேயே பார்த்துச் சொல்லிவிடுவேன்" என்று அளந்துவிட்டார். உண்மையில் அவருக்கு மரம் என்றால் நிழல், அவ்வளவுதான். அவரைக் குறை சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. கான்வென்ட்டில் 'பாம் ட்ரீ' என்று ஒரே ஒரு படத்தைக் காட்டினார்கள். இன்றுவரை உச்சியில் விசிறி முளைத்த எதைப் பார்த்தாலும் எனக்கு அதுதான்.

பக்கத்தில் அரண்மனைத் தோட்ட அதிகாரி மங்கைபாகர் இருந்தார். புலவரைக் கண்டால் அவருக்கு ஆகாது. ராஜா கையால் தாம்பூலம் வாங்கியவர் என்பதால், சபையில் வெற்றிலை போடும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். அதை அவர் வீணாக்கியதே இல்லை. வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை.

"அரேபிய வணிகர் கொடுத்த பேரீச்சங்கன்றுகளோடு நம்மூர் ஈச்சங்கன்றுகளைக் கலந்து வைக்கிறேன், அரசே. நாளைக் காலையில் புலவர் பிரித்துக் காட்டட்டும். தெரியாவிட்டால் சபையில் இடத்தைக் காலி செய்யட்டும்."

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று.

வீட்டுக்கு வந்து புலவர் மனைவி வடிவிடம் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கறிவேப்பிலை கேட்டா வேப்பிலையைப் பறிச்சுட்டு வர்ற ஆளு நீங்க. உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

"வாய் தவறி வந்துடுச்சு வடிவு."

"உங்க வாய் என்னைக்குத் தவறாம இருந்துச்சு?"

மறுநாள் தோட்டத்தில் மண்தொட்டிகள் வரிசையாக நின்றன. கன்றாக இருக்கும்போது இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அதே கீற்று, அதே முள். புலவர் குனிந்து ஆராய்ந்தார். முள் அவர் விரலை ஆராய்ந்தது. தெரிந்துகொண்டது அவ்வளவுதான். எதிரே மங்கைபாகர் நிம்மதியாக மென்றுகொண்டிருந்தார். விரலைச் சப்பிக்கொண்டே புலவர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அரசே, ஒரு அரிவாள் வேண்டும்."

"எதற்கு?"

"ஈச்சை என்று தெரிந்ததை அங்கேயே வெட்டிப் போட்டுவிடுகிறேன். மிஞ்சுவதெல்லாம் பேரீச்சை. தோட்டக்காரருக்கும் வேலை மிச்சம்."

"ஒரு பேரீச்சையை வெட்டிவிட்டால்?"

"என் இடத்தோடு என்னையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொட்டியிலேயே நட்டுவிடலாம்."

ராஜா மங்கைபாகர் பக்கம் திரும்பினார். "கலந்து வைத்தது நீர். என் பேரீச்சையில் ஒன்று போனாலும் உம்மையும் விடமாட்டேன்."

முதல் தொட்டி. புலவர் அரிவாளை ஓங்கினார். மங்கைபாகர் மென்றுகொண்டிருந்தார். சதக். கன்று கீழே விழுந்தது.

அடுத்த தொட்டி. ஓங்கினார். மங்கைபாகரின் தாடை அப்படியே நின்றுவிட்டது.

"இது இருக்கட்டும்" என்று புலவர் நகர்ந்தார். தாடை மறுபடியும் ஓடியது.

இப்படியே கடைசித் தொட்டிவரை போனார். நடுவில் ஒரு தொட்டியில் வேண்டுமென்றே அரிவாளை ஓங்கியபடி கொஞ்சம் யோசித்தார். மங்கைபாகர் சாற்றை விழுங்கிவிட்டுக் கண் பிதுங்க நின்றார்.

"முடிந்தது அரசே. மங்கைபாகரைக் கேளுங்கள்."

மங்கைபாகர் ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

ராஜாவுக்கு ஆச்சரியம். "கீற்றை வைத்தா, முள்ளை வைத்தா, எதை வைத்துக் கண்டுபிடித்தீர்?"

"பாக்கை வைத்து அரசே. கன்றுகளை நான் பார்க்கவே இல்லை. மங்கைபாகர் வாயில் பாக்கு அசைந்தால் ஈச்சை, நின்றால் பேரீச்சை."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. "இனி இந்தத் தோட்டத்துக்கே நீர்தான் அதிகாரி" என்றார்.

புலவருக்கு வியர்த்துவிட்டது. "அரசே, அப்படியென்றால் மங்கைபாகரை எனக்கு மேலே வைத்துவிடுங்கள். வெற்றிலைப் பெட்டியோடு. அவர் மெல்லாவிட்டால் எனக்குத் தென்னை மரம்கூடத் தெரியாது."

மங்கைபாகருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் பதவி அவரிடமே இருந்தது. புலவருக்கு ஒரு பட்டுச் சால்வையும், சபையில் பழைய இடமும் கிடைத்தன.

சால்வையைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தவரை வடிவு ஏற இறங்கப் பார்த்தாள். "ஜெயிச்சுட்டீங்களாக்கும். ரசம் கொதிக்குது. கொல்லையில போய்க் கொஞ்சம் கறிவேப்பிலை பறிச்சுட்டு வாங்க."

புலவர் கொல்லைக்குப் போனார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மரங்கள். இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார்.

"வடிவு, ரசத்தைக் கொஞ்சம் இறக்கி வை. மங்கைபாகரைக் கூப்பிட்டுட்டு வந்துடறேன்."