கொடி சாயுற பக்கம்

ஊத்துப்பட்டிக்காரங்களுக்கு மூளை கம்மின்னு சுத்துப்பட்டுல பேசிக்கிறாங்க. அபாண்டம். மூளையெல்லாம் ஆளுக்கு ஒண்ணு இருக்கு. தேஞ்சு போயிரக் கூடாதேன்னு யாரும் எடுத்துப் பொழங்குறதில்ல, அவ்வளவுதான்.

அந்த ஊரு பேச்சிமுத்துக்குப் பொண்ணு பாத்தாங்க. பக்கத்தூரு ரைஸ்மில்லு வெள்ளைப்பாண்டியோட ரெண்டாவது மக வடிவு. காப்பி குடுக்க வந்தப்ப அந்தப் பொண்ணு லேசா சிரிச்சுட்டுப் போச்சு. அன்னைலேர்ந்து பேச்சிமுத்துக்குச் சோறு எறங்கல. எல்லாம் கூடி வந்த நேரத்துலதான் வெள்ளைப்பாண்டி நடுவீட்டுச் சொவத்தக் காட்டுனாரு. அங்க அவரு மூத்த மருமகன் சிங்கப்பூர்ல நின்னு எடுத்த போட்டோ, பிரேம் போட்டு, சீரியல் லைட்டு சுத்தி, சாமி மாதிரி தொங்குது.

"பக்கத்துல இன்னொரு ஆணி அடிச்சாச்சு"ன்னாரு. "வெளிநாட்டுல நின்னு, பின்னாடி கோபுரமோ கட்டடமோ தெரியற மாதிரி ஒரு போட்டோ கொண்டாங்க. ஆடி முடியறதுக்குள்ள ஆணி நிறைஞ்சா எம் மக உங்களுக்கு. இல்லைன்னா ஆணிக்கு வேற ஆளு பாத்துருவேன்."

பேச்சிமுத்து கோவில்பட்டிக்கு ஓடுனான். அங்க ஜெபராஜுன்னு ஒருத்தரு டிராவல்ஸ் வச்சிருக்காரு. இருக்கிறதுலயே சல்லிசான வெளிநாடு எதுன்னு கேட்டதுக்கு, சீனாவுல லிங்ஷூன்னு ஒரு ஊருக்கு டிக்கெட் போட்டுக் குடுத்தாரு. சீனாக்காரன்கிட்டயே கேட்டாலும் எந்த லிங்ஷூன்னு திருப்பிக் கேப்பான். அவ்வளவு பிரசித்தம். ஒரு பழைய மணிக்கூண்டு கோபுரம், ஒரு ஆறு, நிறைய நூடுல்ஸ் கடை. முடிஞ்சுது ஊரு.

தனியா போக வேண்டாம்னு ரெண்டு பேரு தொணைக்குக் கெளம்புனாங்க. ஒருத்தன் கொம்பையா. ஒரு தடவை திருப்பதி போயிட்டு வந்தவன், அதனால பிரயாணத்துல கரை கண்டவன். இன்னொருத்தன் சுடலைமணி. யாரு என்ன சொன்னாலும் "அதானே"ம்பான். அதனால அவனுக்கு விரோதிங்க கெடையாது.

கெளம்புறதுக்கு முந்தி ஜெபராஜு மூணு பேரையும் நிறுத்தி வச்சுப் புத்தி சொன்னாரு. அங்க ஒரு கைடு பொண்ணு மஞ்சக் கொடிய தூக்கிட்டு வரும். கொடி போற பக்கம் போங்க, கொடி நின்னா நில்லுங்க, சொந்தமா யோசிக்காதீங்க. அப்புறம், அந்த ஊர்ல யாரு எதக் குடுத்தாலும் ரெண்டு கையாலயும் வாங்கணும், அதுதான் மரியாதை. மூணு பேரும் தலைய ஆட்டுனாங்க. யோசிக்கக் கூடாதுன்னு தனியா வேற சொல்லணுமான்னு கொம்பையாவுக்கு மட்டும் லேசா வருத்தம்.

போய் எறங்குன மொத நாளே மரியாதை ஆரம்பிச்சுருச்சு. ஓட்டல்ல ரூம் கார்டு குடுத்தா ரெண்டு கை. சோப்பு குடுத்தா ரெண்டு கை. கொதிக்கக் கொதிக்க நூடுல்ஸ் கிண்ணத்தக் குடுத்தா அதுக்கும் ரெண்டு கை. வாங்கச் சொன்னாரே தவிர கீழ வைக்கச் சொல்லலை ஜெபராஜு. பேச்சிமுத்து கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட கிண்ணத்தப் பிடிச்சுக்கிட்டே நின்னான். கடைக்காரம்மா அதப் பாத்து, நம்ம சமையல் இவ்வளவு மனசத் தொட்டுருச்சேன்னு அவங்களும் கண்ண தொடைச்சுக்கிட்டாங்க.

அங்க உக்காந்த ஒடனே வெந்நிதான் குடுப்பாங்க குடிக்க. எந்தக் கடைக்குப் போனாலும் வெந்நி.

"நம்மளக் காய்ச்சக்காரங்கன்னு நெனைச்சுட்டாங்க போல"ன்னான் கொம்பையா.

"அதானே. இம்புட்டு அக்கறையா குடுக்கிறாங்க. இருமாம இருந்தா நல்லாவா இருக்கும்?"ன்னான் சுடலைமணி.

நியாயம்னு பட்டுச்சு. மூணு பேரும் மரியாதைக்குக் கொஞ்சம் இருமினாங்க. கடைக்காரம்மா பதறிப்போயி இன்னும் வெந்நி ஊத்துச்சு. இவங்க இன்னும் கொஞ்சம் இருமினாங்க. வெந்நி தீருற வரைக்கும் இருமலும் தீரலை.

கைடு பொண்ணு பேரு மெய்லின். குட்டையா, சுறுசுறுப்பா, இந்த வேலைக்கு வந்து ஒரு மாசம்தான் ஆகுது, பாவம். அவ சீனத்துல பேசுனா அவ போன் அதத் தமிழ்ல சொல்லும். எப்பேர்ப்பட்ட தமிழ். "மதிப்பிற்குரிய விருந்தினர்களே, கொடியைப் பின்தொடர்க." போன் வாயத் தெறந்தாலே மூணு பேரும் கைகட்டி நின்னுருவாங்க. தலைமையாசிரியருக்குக் கூட அப்படி நின்னதில்ல.

கடைசி நாளு. சாயங்காலம் நாலு மணிக்கு ஏர்போர்ட் பஸ்ஸு. மத்தியானம் மெய்லின் மூணு பேரையும் மணிக்கூண்டு கோபுரத்துக்குக் கூட்டிட்டு வந்தா. அடுக்கடுக்கா, ஓரமெல்லாம் வளைஞ்சு, செகப்பா நின்னுச்சு கோபுரம். பேச்சிமுத்து ஆணிய நெனைச்சுக்கிட்டான். வடிவ நெனைச்சுக்கிட்டான். நாலு எட்டு எடுத்து வச்சுத் திரும்பி நின்னா போட்டோ. கல்யாணம். பந்தி.

அப்ப பாத்து மெய்லின் டிக்கெட் வாங்கப் போகணும்னு கொடியப் பேச்சிமுத்துகிட்ட குடுத்தா. அவன் ரெண்டு கையாலயும் வாங்குனான். போன் சொல்லுச்சு: "இதனை எவரிடமும் அளிக்க வேண்டாம்." சொல்லிட்டுப் போயிட்டா.

அங்கதான் கதை கெட்டுச்சு.

"இப்ப நாம எங்கல போகணும்?"ன்னான் சுடலைமணி.

"கொடி பின்னாடி. வேற எங்க?"ன்னான் கொம்பையா.

"கொடி இவன் கையிலல்லா இருக்கு."

"அப்ப இவன் பின்னாடி."

பேச்சிமுத்து மெதுவா கேட்டான். "நான் யாரு பின்னாடி போகணும்?"

கொம்பையா நெத்தியச் சுருக்கிக்கிட்டு, "நீயும் கொடி பின்னாடிதான். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்"ன்னான்.

"பின்னாடிதான் நிக்கேன். அது போகமாட்டேங்குதே."

"நீ போனா அது போகும்ல."

"அது போனால்லா நான் போகணும்."

"அதானே"ன்னான் சுடலைமணி.

கோபுரம் பத்தடி தூரத்துல நிக்குது. பேச்சிமுத்து அதப் பாக்கிறான், கொடியப் பாக்கிறான். கொடி அசையல. ரெண்டு கையும் கொடியில மாட்டிக்கிச்சு, போனு பாக்கெட்ல. அந்த நேரத்துல ஆத்துப் பக்கமிருந்து ஒரு காத்து வந்துச்சு. கொடி படபடன்னு கெழக்கால சாஞ்சுச்சு. "போகுதுலே, போகுது"ன்னான் கொம்பையா. மூணு பேரும் கோபுரத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டுக் கெழக்கால நடையக் கட்டுனாங்க.

அந்த எடத்துல வேற ஊருல இருந்து டூர் வந்த ஒரு பஸ் கூட்டம் நின்னுச்சு. எல்லாம் ரிட்டயர்டான கெழவன் கெழவிங்க, தலையில செகப்புத் தொப்பி. அவங்க கைடும் மஞ்சக் கொடிக்காரன்தான், பாத்ரூமுக்குப் போயிருந்தான். அவங்க நிமிந்து பாத்தாங்க. ஒரு மஞ்சக் கொடி, ரெண்டு கையால பிடிச்சு, முகத்துல அம்புட்டுப் பொறுப்போட போகுது. கெளம்பிட்டாங்க பின்னாடியே. உலகத்துல ஊத்துப்பட்டி ஒண்ணுதான்னு நான் எப்பவும் சொன்னதில்ல.

காத்து காய்கறிச் சந்தைக்குள்ள போச்சு. கூட்டமும் போச்சு. காத்து ஒரு முட்டுச் சந்துல நுழைஞ்சு சுத்துச்சு. கூட்டமும் நின்ன எடத்துல சுத்துச்சு. ஒரு சலூன் வாசல்ல டேபிள் ஃபேன் ஓடிக்கிட்டிருந்துச்சு. பேச்சிமுத்து அது தள்ளுன பக்கம் எதிர்க்கடை கோழிக்கூண்டுக்குள்ள பாதி போயிட்டான். கொடி எங்க நிக்குதோ அங்கல்லாம் கெழவன் கெழவிங்க போட்டோ எடுத்தாங்க. குப்பைத் தொட்டிய எடுத்தாங்க. முடிவெட்டிக்கிட்டிருந்தவன் பாதித் தலையோட எந்திரிச்சு வணக்கம் வச்சான்.

கடைசியா ஒரு பஞ்சர் கடை முன்னாடி காத்து பட்டுன்னு நின்னுச்சு. கொடி தொங்கிப் போச்சு. எல்லாரும் நின்னாங்க.

பஞ்சர் கடைக்காரரு டியூபத் தண்ணித் தொட்டியில முக்கிக்கிட்டு நிமிந்தாரு. ஒரு பஸ் சனம் அவரு தொட்டியப் படம் பிடிக்குது. முப்பது வருசமா பஞ்சர் ஒட்டுறவரு. என்னைக்காவது ஒரு நாளு இது நடக்கும்னு அவருக்குத் தெரியும் போல. உள்ள போயி மூஞ்சி கழுவிட்டு வந்து நின்னாரு.

அப்பத்தான் பேச்சிமுத்து திரும்பிப் பாத்தான். கோபுரம் தூரத்துல, சுண்டுவிரல் தண்டிக்குத் தெரியுது. அவன் மூஞ்சி சுருங்கிப் போச்சு.

"மணி மூணாச்சு. ஆணி காலியா இருக்குமே மாப்ள"ன்னான்.

"காத்து கோபுரத்துப் பக்கம் அடிச்சா போயிரலாம்"ன்னான் கொம்பையா.

"அடிக்கலையே."

சுடலைமணி வாழ்க்கையிலயே மொத தடவையா ஒரு சொந்த யோசனை சொன்னான். "நாம அடிப்போம்."

ரெண்டு பேரும் கொடிக்கு இந்தப் பக்கம் வந்து, கன்னம் ரெண்டும் புடைக்க, கோபுரத்துப் பக்கமா ஊதுனாங்க. கொடி லேசா அசைஞ்சுது. பேச்சிமுத்து அரை அடி நகந்தான். கெழவன் கெழவிங்க இதப் பாத்தாங்க. பஞ்சர் கடையில காத்தடிக்கிற எடத்துல இப்படி ஒரு சடங்கு இருக்கு போலன்னு தொப்பியக் கழட்டிட்டு அவங்களும் ஊத ஆரம்பிச்சாங்க. ஒருத்தரு ஒருத்தரா போனப் பஞ்சர் கடைக்காரருகிட்ட நீட்டி, எங்களயும் எடுங்கன்னு சைகை காட்டுனாங்க. இந்த ஊருல இதான் வழக்கம்னு கொம்பையாவும் பேச்சிமுத்து பாக்கெட்ல இருந்த போன எடுத்து, ரெண்டு கையாலயும் குடுத்தான். அவரும் கைய நீட்டி, கழுவுன மூஞ்சியும் ஓரத்துல விழுற மாதிரி செல்ஃபியா ஒண்ணு எடுத்துக் குடுத்தாரு.

அப்புறம் ஊதிக்கிட்டே ஊர்வலம் கெளம்புச்சு. கோபுரம் வெரலாச்சு, கையாச்சு, ஆளாச்சு. பேச்சிமுத்து மூஞ்சியில பந்தி தெரிய ஆரம்பிச்சுது. இன்னும் ஒரு தெருதான். கெழவன் கெழவிங்களுக்கு மூச்சு தீந்து போச்சு. ஒவ்வொருத்தரா பிளாட்பாரத்துல உக்காந்துட்டாங்க. அந்த நேரம் பாத்து ஆத்துக்காத்து திரும்ப வந்து, கொடிய ஒரே இழுப்பா இழுத்து, நேரா பஸ் ஸ்டாண்டுல கொண்டு போயி விட்டுருச்சு. அங்க மெய்லின் தலையில கைவச்சு நிக்கிறா.

போன் மூச்சு வாங்காம சொல்லுச்சு: "கொடியைத் தருக."

"யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க"ன்னான் பேச்சிமுத்து.

"கூறியவள் நானே."

"நீங்க சொன்னதாலதான் குடுக்க மாட்டேன். வேற எவனும் சொல்லியிருந்தா எப்பவோ குடுத்திருப்பேன்."

அவ பஸ்ஸப் பாத்தா, வானத்தப் பாத்தா, வச்சுக்கோன்னு கையக் காட்டிட்டா. ஏர்போர்ட்ல கொடிய மெஷினுக்குள்ள தனியா அனுப்பச் சொன்னாங்க. தனியா விட்டாக் குடுத்த மாதிரி ஆயிரும்னு இவனும் பெல்ட்டுல கூடப் படுத்துட்டான்.

ஊருக்கு வந்தாச்சு. கைவசம் ஒரே ஒரு போட்டோ. அதப் பெருசாக்கி, உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு வெள்ளைப்பாண்டிகிட்ட நீட்டுனாங்க. வடிவு அடுப்படி வாசல்ல நின்னு பாக்குது. அவரு கண்ணாடியப் போட்டாரு. டியூபு தொங்குது. தண்ணித் தொட்டி. காத்தடிக்கிற மிஷினு. கோபுரம் இல்ல.

"ஏலே. இது நம்ம பஸ் ஸ்டாண்டு மாடசாமி பஞ்சர் கடைல்லா"ன்னாரு.

"இல்ல மாமா, லிங்ஷூ"ன்னான் பேச்சிமுத்து.

"தினமும் பாக்குத தொட்டி எனக்குத் தெரியாதா? அந்த ஓரத்துல நெளிஞ்சிருக்கே, அது கூட அப்படியே இருக்கு." ஆணியத் திரும்பிப் பாத்தாரு. வேற எடம் பாக்கிற பார்வை. அடுப்படிப் பக்கம் ஒரு டம்ளர் விழுந்துச்சு. அப்புறம் மறுபடியும் போட்டோவப் பாத்தாரு. "இவங்கள்லாம் யாரு, வாயப் புடைச்சுக்கிட்டு?"

"சீனாக்காரங்க மாமா."

"அசல் சீனாக்காரங்களா?"

"ஆமா."

"எதுக்கு வந்தாங்க?"

"எம் பின்னாடி வந்தாங்க."

வெள்ளைப்பாண்டி கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. மறுபடி போட்டாரு. ரொம்ப நேரம் கணக்குப் போட்டாரு. அப்புறம் பொண்டாட்டியக் கூப்பிட்டாரு. "பாத்தியாடி. மூத்தவரு கெட்டிக்காரருதான், செலவு பண்ணி வெளிநாட்டுக்குப் போனாரு. இவரு இருந்த எடத்துல இருந்தே ஒரு பஸ் சீனாக்காரன நம்ம மாடசாமி கடைக்கு வரவச்சிருக்காரு."

அன்னைக்கே போட்டோ ஆணியில ஏறிருச்சு. இதுக்கும் சீரியல் லைட்டு.

கல்யாணத்துல கொடி மட்டும் கொஞ்சம் எடைஞ்சல். கொடிய யாருகிட்டயும் குடுக்க முடியாது, தாலி கட்ட ரெண்டு கையும் வேணும். கொம்பையாதான் யோசிச்சு, மாப்பிள்ளை சட்டைக் காலருக்குள்ள பின்னால சொருகி விட்டான். தாலி நல்லபடியா ஏறுச்சு. அக்கினிய வலம் வாங்கன்னாரு ஐயரு. பெடஸ்டல் ஃபேன் காத்து நல்லாத்தான் தள்ளுச்சு, ரெண்டு சுத்து முடிஞ்சுது. மூணாவது சுத்து பாதியில கரண்டு போச்சு. கொடி தொங்குச்சு. மாப்பிள்ளை நின்னுட்டான். நல்ல நேரம் போகுதுன்னு ஐயரு கத்துறாரு. சுடலைமணி எந்திரிச்சு ஊதுனான். வெள்ளைப்பாண்டி ஊதுனாரு. மண்டபமே ஊதுச்சு. வடிவுதான் பெரிய மூச்சு, நியாயமா பாத்தா அதுக்குத்தான அவசரம். மூணாவது சுத்து அமோகமா முடிஞ்சுது. அக்கினி மட்டும் அணைஞ்சு போச்சு, ஆனா அதப் பாக்க அப்ப யாருகிட்டயும் மூச்சு இல்ல.

சுத்துப்பட்டுல அந்தக் கல்யாணத்துக்கு வராத ஒரே ஆளு பஞ்சர் கடை மாடசாமிதான். வெள்ளைப்பாண்டி வீட்டுல அந்தப் போட்டோவப் பாத்ததுலேர்ந்து அவரு மனுசனாவே இல்ல. இம்புட்டுப் பேரு கடைக்கு வந்திருக்காங்க, தனக்குப் பதிலா எவனோ நின்னு போஸ் குடுத்திருக்கான், அந்த நேரம் பாத்துத் தான் டீ குடிக்கப் போயிட்டோமேன்னு ஒரே அழுகை. அன்னையிலேர்ந்து கடைய விட்டு எந்திரிக்கிறதில்ல. கல்யாணச் சாப்பாடு கூட கேரியர்லதான் போச்சு. இப்பவும் யாராவது சைக்கிளத் தள்ளிக்கிட்டுக் காத்தடிக்க வந்தா, மூஞ்சியக் கழுவிட்டு வந்து, அவங்க முதுகுக்குப் பின்னாடி எட்டிப் பாத்துட்டு, "தனியாவா வந்தீங்க?"ன்னு கேட்டுட்டுத்தான் பம்ப எடுக்கிறாரு.