முதுகைப் பார்க்காத காவல்காரன்

காட்டாற்றங்கரையில் ஒரு பெரிய நாவல் மரம். அதன் உச்சிக் கிளையில் கூரியன் என்ற கருமுகக் குரங்கு இருந்தது. அது உதிர்க்கும் பழத்தையும் தழையையும் கீழே மான்கள் தின்னும். சிறுத்தை வந்தால் மேலிருந்து "கக்! கக்!" என்று குரல் வரும். மான்கள் ஓடிப் பிழைக்கும்.

செவலி என்ற பெண்மானுக்குக் கூரியன்மேல் கொள்ளைப் பிரியம். அவளுடைய குட்டி இரண்டு முறை உயிர் தப்பியது அந்தக் குரலால்தான்.

ஆனால் புகழ்ச்சி யாரைத்தான் விட்டுவைத்தது? கூரியனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

"பார்க்கிறவன் நான். பார்க்கப்படுவது நீங்களும் சிறுத்தையும் இந்தக் காடும்! நான் அறிந்தால்தான் எதுவும் உண்டு!" என்றது. ஆபத்து என்றால் மான்கள் முன்காலைத் தரையில் தட்டும் அல்லவா? அதையும் கூரியன் நிறுத்தச் சொல்லிவிட்டது. "அறிவது என் வேலை. நீங்கள் பேசாமல் மேயுங்கள்!"

ஒருநாள் மத்தியானம் செவலி அண்ணாந்து பார்த்தாள். கூரியனுக்குப் பின்னால், இலைகளுக்குள், புள்ளி போட்ட வால் ஒன்று மெல்ல அசைந்தது. ஓடியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. முன்காலை ஓங்கித் தட்டினாள்.

"அண்ணே! பின்னால் சிறுத்தை! குதித்துவிடுங்கள்!"

"போடி பைத்தியக்காரி! இருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமே. எனக்குத் தெரியவில்லை. அதனால் இல்லை!"

"உங்கள் முதுகு உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிகிறதே! திரும்பித்தான் பாருங்களேன்!"

"கீழே நிற்கிற நீ என்னைப் பார்ப்பதாவது!" கூரியன் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

கிளை ஒருமுறை குலுங்கியது. பழங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. அன்றைக்கு அவற்றை எந்த மானும் தொடவில்லை.

சில நாள் கழித்துச் சிறுத்தை தரைவழியாகவே வந்தது. செவலி அப்போது தூரத்தில், ஆற்றில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மற்ற மான்கள் பார்த்தன, பயந்தன, ஓடின. கால் தட்டத்தான் யாருக்கும் தோன்றவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது.

பாவம், செவலியின் குட்டி! அது மட்டும் ஓடவில்லை. நாவல் மரத்தடியில் நின்று, கூரியனின் குரல் வரும் வரும் என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது.

உலகத்தைப் பார்க்கிற கண்ணும் அந்த உலகத்துக்குள்தான் இருக்கிறது; அதை மறந்தவன் தானும் அழிவான், தன்னை நம்பியவர்களையும் அழிப்பான்.