முப்பது பேர் தாங்குமா?

1986ஆம் ஆண்டு நவம்பர் 12, புதன்கிழமை. கோயம்புத்தூரில் விடியற்காலை பிடித்த தூறல் நண்பகல் வரை விடவில்லை. அதன்பின் மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

“பதினெட்டுப் பேருக்கே மூச்சு முட்டுதுங்க மேடம்,” என்றபடி மயில்சாமி ரெஜினாவின் அறைக்குள் வந்தார்.

மின்வாரியத்தில் பாதி வாழ்நாளைக் கழித்துவிட்டு, ஐம்பது வயதுக்குமேல் அந்தக் கல்லூரியின் கணிப்பொறிக் கூடத்துக்கு வந்தவர் அவர். அவருக்குக் கணிப்பொறி கற்பித்த ரெஜினா, வயதில் அவருடைய மூத்த மகளைவிடச் சற்றே பெரியவர். ஆனாலும் மயில்சாமி அவர் சொல்லாமல் அவர்முன் உட்கார்ந்ததில்லை.

அக்காலத்தில் கணிப்பொறி ஆளுக்கொன்றன்று. கூடத்தின் கோடியில் பீரோவைப்போல் ஒரே எந்திரம் நிற்கும். அதிலிருந்து கம்பி இழுத்து, முப்பது மேசைகளில் முப்பது திரைகள் வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஏ.சி. குளிருக்கு அஞ்சி மார்கழி மாதத்தைப்போல் மப்ளர் கட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு.

பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வருவோருக்காக ஒரு மாலை வகுப்புத் தொடங்கியிருந்தது. அதில் முப்பது பேர். முப்பது பேருக்கும் எந்திரம் ஒருசேர ஈடுகொடுக்காவிட்டால் வகுப்பை மூடிவிடுவது என்று முதல்வர் முடிவு செய்திருந்தார். சோதித்துச் சொல்லும் பொறுப்பு மயில்சாமியினுடையது. அன்று மாலைதான் கெடு.

“யாரு அந்தப் பதினெட்டுப் பேரு?” என்று கேட்டார் ரெஜினா.

“நெச ஆளுங்க இல்லீங்க. ஆளுங்க மாதிரி கட்டளை அனுப்பற புரோகிராம். நானே எழுதினேன்.”

“தும்மினாங்களா?”

“ஏனுங்க?”

“தப்பா அடிச்சிட்டு நாக்கைக் கடிச்சாங்களா? அடுத்து என்ன செய்யறதுன்னு மோட்டுவளையைப் பாத்தாங்களா?”

“அதெல்லாம் இல்லீங்க. அனுப்பிக்கிட்டே இருப்பாங்க.”

“அப்போ அவங்க இந்த வகுப்புல சேரலை, சார்.”

*

ஆறு மணிக்கு வகுப்பினர் வந்தனர். முப்பது திரைகளிலும் பச்சை எழுத்து ஒளிர்ந்தது. மயில்சாமி எந்திரத்தின் அருகே, மேற்பார்வைத் திரைக்குமுன் அமர்ந்தார்.

கட்டளை அனுப்புவோர் எண்ணிக்கை பதினெட்டைத் தாண்டியது. இருபத்தைந்தையும் தாண்டியது. அவர் முகம் மலர்ந்தது.

பின்பு, சம்பளக் கணக்குப் பயிற்சியை எல்லாரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஓட்டினர். முப்பது திரைகளும் அப்படியே உறைந்தன.

“போச்சுங்க மேடம்!”

எழப்போனவரை ரெஜினா தோளில் அழுத்தி உட்காரவைத்தார். அவர் அமர்ந்திருந்த சுழல் நாற்காலியைக் கையால் திருப்பினார். இப்போது மயில்சாமியின் எதிரே திரை இல்லை, மாணவர்கள் இருந்தனர்.

“என்னங்க சார், உங்க எந்திரம் தூங்கிருச்சா?” என்று முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார், நூற்பாலை அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் தனபாக்கியம். “தாலாட்டு வேணும்னா நான் பாடறேன்.”

“நீங்க பாடினா முழிச்சிருக்கிற நாங்களும் எந்திரிச்சு ஓடிருவோம், அக்கா,” என்றது பின்வரிசை.

ஒருவர் விசையை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து எடுத்து மடியில் வைத்தார்.

“அடிச்சா ஓடறதுக்கு இது மாடுங்களா? இருங்க, வரும்.”

தனபாக்கியம் நாற்காலியை இழுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய், அங்கே திருதிருவென விழித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு விடுபட்ட வரி எது என்று விளக்கத் தொடங்கினார். இருவர் காகிதத்தில் கணக்கைச் சரிபார்த்தனர்.

எந்திரம் விழித்தது. விடைகள் வந்தன. சிறிது நேரத்தில் மறுபடி உறைந்தது, மறுபடி விழித்தது.

எழுந்து போனவர் எவரும் இல்லை.

முதல்வருக்கான விடையை எழுத மயில்சாமி கரும்பலகையை நெருங்கினார். என்ன எழுதப்போகிறார் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். பொய் சொல்லிப் பழகாத மனிதர். உறைந்ததை உறையவில்லை என்று எழுத அவருக்குக் கை வரவில்லை.

‘இக்கணிப்பொறி முப்பது பேர் தாங்காது.’

தனபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒரு எழுத்து விட்டுப்போச்சு, சார்,” என்றார் ரெஜினா.

“எங்கீங்க?”

“தாங்கறது யாரு, யாரைத் தாங்கறாங்கன்னு தெரியலையே. ‘ஐ’ உருபு எங்க?”

மயில்சாமி வெட்கத்துடன் ‘பேர்’ என்னும் சொல்லின் அருகே சாக்பீஸைக் கொண்டுபோனார்.

“அங்கதானா? நல்லாப் பாத்துட்டுப் போடுங்க.”

அவர் கை நின்றது. திரும்பி, முப்பது முகங்களையும் பார்த்தார்.

பிறகு, ‘இக்கணிப்பொறி’ என்பதன் அடியில் அம்புக்குறியிட்டு ‘யை’ என்று சேர்த்தார். எழுவாய் மாறியபின் பயனிலை பழையபடி நிற்க முடியாது. கடைசிச் சொல்லின் பின்பாதியை உள்ளங்கையால் அழித்து, வேறு எழுதினார்.

‘இக்கணிப்பொறியை முப்பது பேர் தாங்குவர்.’

*

முதல்வர் வந்து அந்த வரியைப் படித்தார். “இது விடையா?” என்று கேட்டார். “ஆமாங்க,” என்றார் மயில்சாமி. மாலை வகுப்பு மூடப்படவில்லை.

எந்திரம் கிட்டத்தட்ட ஒவ்வொரு மாலையும் உறைந்தது. ஆண்டு இறுதியில் இருபத்தெட்டுப் பேர் தேர்வெழுதினர். ஒருவர் திருமணமாகி ஈரோட்டுக்குப் போய்விட்டார், மற்றொருவருக்கு மஞ்சள்காமாலை. ரெஜினா மறு ஆண்டு திருச்சியில் வேலை கிடைத்துச் சென்றார்.

1993இல் ஆளுக்கொரு கணிப்பொறி வந்தது; பழைய எந்திரத்தைப் பழைய இரும்புக்காரர் இரண்டு நடையாக ஏற்றிச் சென்றார். அதன்பின் அந்தக் கூடத்தில் யாரும் காத்திருக்கவேண்டியிருக்கவில்லை. வகுப்பு அமைதியாக நடந்தது.