தோளில் இருந்தவன் பார்த்தது

முன்னொரு காலத்தில் நெடுங்கரை என்ற நாட்டை மாறவேலன் என்ற அரசன் ஆண்டுவந்தான். காலையில் ஒரு கட்டளை போடுவான். மாலையில் அதை மறந்து வேறொன்று போடுவான். அமைச்சர் அம்பலவாணரின் பாதி அறிவு, அந்த இரண்டு கட்டளைகளுக்கும் நடுவே ஊரைக் காப்பாற்றுவதிலேயே செலவானது.

ஆண்டுக்கொரு முறை அங்கே தேரோட்டம். அன்று யாருக்கும் பல்லக்கு இல்லை, யானை இல்லை. அரசனும் வெறுங்காலோடு கூட்டத்தில் நடந்துதான் தேர் பார்க்க வேண்டும். தேரிழுக்கும் வடத்தை முதலில் தொட்டு எடுத்துக்கொடுக்கும் மரியாதை, நாட்டுக்குப் பெருமை சேர்த்த பிள்ளையின் தாய்க்கு.

அந்த ஆண்டு அரசிக்கு விஷக்காய்ச்சல். அரண்மனை வைத்தியர்கள் கைவிட்ட பிறகு அவளைப் பிழைக்க வைத்தவள், வைத்தியம் கற்ற அழகுநாச்சி என்ற இளம்பெண்.

"உன் தாயை அழைத்து வா, மகளே. வடம் அவளுக்குத்தான்" என்றான் அரசன்.

"என்னைப் பெற்ற அன்றே அம்மா போய்விட்டாள், அரசே. வளர்த்தது அப்பா. சுண்ணாம்புக் காளவாயில் வெந்து வெந்து அவருக்குக் கண் பாதி போய்விட்டது. அடுத்த தேருக்குள் முழுக்கப் போய்விடும். அந்த மரியாதையை இந்த வருஷமே அவருக்குக் கொடுங்கள்."

படைக்குத் தலைவனான தளவாய் சந்திரசூடன் சிரித்தான். அவன் மகன் எல்லைப் போரில் பேர் வாங்கியவன். வடம் தன் மனைவி கைக்குத்தான் வரும் என்று பட்டுப்புடவைகூட நெய்யக் கொடுத்திருந்தான்.

"பெற்றவள் பத்து மாதம் சுமக்கிறாள், அரசே. தகப்பன் எதைச் சுமந்தான்? கோழி அடைகாக்கும், சேவல் கூரையேறிக் கூவும். கூவியதற்கெல்லாம் பரிவட்டம் கட்டினால் நாட்டில் துணி மிஞ்சாது!"

அவை சிரித்தது. அரசனும் சிரித்தான். வாசலோரம் நின்றிருந்த அவள் தகப்பன் சடையன், தடவித் தடவி வந்து மகளின் கையைப் பிடித்தார்.

"வா தாயி, போயிடலாம். எனக்கு எதுக்கு அதெல்லாம்?"

அவள் நகரவில்லை. அரசனுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது.

"சரி. தகப்பன் எதைச் சுமந்தான் என்று நாளை உச்சிப்பொழுதுக்குள் யாராவது மெய்ப்பிக்கட்டும். இல்லையென்றால் வடம் தளவாய் வீட்டுக்கு."

"நாளை எதற்கு, அரசே?" என்று எழுந்தார் அம்பலவாணர். "நாளைக்குள் தாங்கள் மறந்துவிடுவீர்கள். இப்போதே பார்த்துவிடலாம். தளவாயாரே, தங்கள் ஞாபகசக்தியை ஊரே மெச்சுகிறது. முதன்முதலில் பார்த்த தேர் நினைவிருக்கிறதா?"

தளவாய் மீசையை நீவிக்கொண்டான். "நேற்றுப் பார்த்ததுபோல! எனக்கு நாலு வயது. உச்சியில் செப்புக் கலசம். சுவாமி மாலையில் மரிக்கொழுந்து. மூன்றாம் தட்டில் ஒரு மரக்குதிரைக்குக் காது உடைந்திருந்தது."

"அபாரம்! கூட்டம்?"

"எள் போட்டால் எள் விழாது."

"நாலு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கூட்டத்தில் முழங்கால்கள் அல்லவா தெரியும்? கலசம் எப்படித் தெரிந்தது?"

"அப்பா தோளில்..." தளவாயின் வாய் நின்றது.

"எவ்வளவு நேரம்?"

"தேர் நிலைக்கு வரும்வரை." குரல் இறங்கியது. "நல்ல வெயில். பொரியை அவர் தலையில் கொட்டிவிட்டேன்."

"அவர் என்ன பார்த்தார்?"

"முன்னால் நின்றவன் முதுகை."

அவை சிரிக்கத் தயாரானது. அமைச்சர் சிரிக்கவில்லை.

"தாயின் பங்கில் ஒரு பிடி குறைக்கச் சொல்லவில்லை, தளவாயாரே. ஒன்றே ஒன்று கேட்கிறேன். குதிரையின் உடைந்த காது வரை நினைவிருக்கிறதே, அப்போது அவர் முகம் எப்படி இருந்தது?"

தளவாய் தேடினான். கிடைக்கவில்லை.

"தோளில் இருப்பவனுக்கு ஊரெல்லாம் தெரியும். சுமப்பவன் முகம் மட்டும் தெரியாது" என்றார் அமைச்சர்.

சிம்மாசனத்திலிருந்து தாழ்ந்த குரல் வந்தது. "நானும் அப்படித்தான் பார்த்தேன். அப்பாவின் முடியைக் கொத்தாகப் பிடித்திருந்தேன். உச்சந்தலையில் ஒரு தழும்பு. அது மட்டும் தெரியும்." அரசன் மகுடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "இறக்குமுன் கடைசி வருஷம் தேர் பார்க்க வேண்டும் என்று கேட்டார். கூட்டத்தில் எதற்கு அப்பா, பிரசாதம் அனுப்புகிறேன் என்றேன். சரி என்றார். அவ்வளவுதான். சரி என்றார்."



"வடம் சடையனுக்கு" என்றான் அரசன். "தளவாய், உன் தகப்பனார் இருக்கிறாரா?"

"இருக்கிறார், அரசே. வீட்டுப் பின்கட்டில்."

"தேரன்று அவர் உன் தோளில் இருப்பார். உன் மனைவிக்கென்று நெய்யக் கொடுத்த பட்டுப்புடவையை அவருக்குப் போர்த்து."

இந்தக் கட்டளையை மாலையில் அரசன் மறக்கவில்லை.

தேரன்று, சடையனின் சுண்ணாம்பு அரித்த விரல்கள் காற்றில் துழாவின. அழகுநாச்சி வடத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. பின்னால், தளவாயின் தோளில் வைக்கோல் கட்டுபோலக் கனமற்ற ஒரு கிழவர்.

"ஏண்டா, அந்தக் குதிரைக்குக் காது ஒட்டிவிட்டார்களா? அன்றைக்கெல்லாம் அதையே சொல்லி அழுதாயே."

முன்னால் நின்றவன் முதுகைப் பார்த்தபடி தளவாய் சொன்னான்: "எனக்குத் தெரியவில்லை அப்பா. நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்."

அரசன் தேருக்கு முதுகு காட்டி நின்றான். எதிரே வரிசை வரிசையாகத் தகப்பன்மார். பிடரி வளைந்து, முடி பிடிபட்டு, காதில் பொரி சிக்கி. அவர்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மேலே பிள்ளை ஒவ்வொரு முறை கூவும்போதும், கீழே ஒவ்வொரு முகமும் மலர்ந்தது. 'இப்படித்தான் இருந்தீர்களா அப்பா?' என்று கேட்க அவனுக்கு ஆளில்லை.

அதன்பின் நெடுங்கரையில் ஒரு வழக்கம் வந்தது. தேர் நிலைக்கு வந்ததும், தோளிலிருந்து இறங்குமுன் பிள்ளை குனிந்து தகப்பன் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். தலைகீழாகத் தெரியும்; பிள்ளைகள் சிரிப்பார்கள். நல்ல வழக்கம்தான். அது வருமுன்னே தோளிலிருந்து இறங்கிவிட்டவர்களுக்குத்தான் அது உதவவில்லை.