மன்னரின் கால் தரையில் பட்ட கதை

குவளைமாற மன்னருக்கு உயரத்தைக் கொடுக்கும்போது மட்டும் கடவுள் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டிவிட்டார். ஆசைக்குக் குறைவில்லை. மலைப்பாதைக்கென்றே செய்த அட்வெஞ்சர் பைக் ஒன்று வேண்டும் என்றார். மன்னர் காலத்தில் பைக் ஏது என்று கேட்காதீர்கள். மன்னர் கேட்டார், வந்தது, அவ்வளவுதான்!

எதை வாங்கலாம் என்று சொன்னவள் அரசவை விகடக்காரி மருதி.

"நானூற்றைம்பது சிசி இன்ஜின், மன்னா. நாற்பது குதிரைசக்தி."

"நாற்பது குதிரையா! கொள்ளு யார் வைப்பது?"

"பெட்ரோல் போதும், மன்னா. சஸ்பென்ஷன் இருக்கிறதே, பள்ளம் மேடே தெரியாது. ஏறி உட்கார்ந்தால் பல்லக்குதான்."

ஏறி உட்கார்ந்தால்தானே! சீட்டின் உயரம் எண்ணூற்றைம்பது மில்லிமீட்டர். மன்னர் ஏணி வைத்து ஏறினார். ஓடும்வரை கவலையில்லை, நிறுத்தினால்தான் வம்பு. கால் தரைக்கு எட்டவில்லை. அந்த நாட்டு வழக்கமோ, மலைவிழா அன்று மன்னர் ஊருக்கு ஊர் நின்று, வாகனத்தைவிட்டு இறங்காமலே மாலை வாங்கவேண்டும். ஒத்திகையில் முதல் ஊரிலேயே அப்படியே சாய்ந்து, பூக்கூடைக்குள் தலைகுப்புற விழுந்தார்.

மருதியின் பதவியைத் தன் மருமகனுக்கு வாங்கித்தரக் காத்திருந்த மந்திரி பூதலிங்கத்துக்கு ஒரே கொண்டாட்டம். ஆள் வாட்டசாட்டம் என்று சொன்னால் போதாது. அவர் வந்தால் அவையில் இரண்டு பேர் எழுந்து இடம்விடவேண்டும்.

"மன்னா, நாளை விழாவில் தங்கள் கால் தரையில் படாவிட்டால் மருதியை நாடுகடத்துங்கள்! வண்டியில் ஒரு நட்டைக்கூட அவள் தொடக்கூடாது. தங்கள் செருப்பை உயர்த்தக்கூடாது. தரையில் பலகையும் போடக்கூடாது!"

காதுக்குள்ளிருந்து சாமந்தியை எடுத்துக்கொண்டிருந்த மன்னர், "அப்படியே ஆகட்டும்!" என்று கத்தினார்.

பிறந்த ஊரைவிட்டு மருதி எங்கே போவாள்? அப்போது மந்திரி, ஜெயித்த களிப்பில் பைக்கின் பின்சீட்டில் கையை ஊன்றிச் சாய்ந்தார். வண்டி மெல்ல அமுங்கியது. மருதியின் முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் காலை, காவலர்கள் வண்டியைப் பிடித்துக்கொள்ள மன்னர் ஏறினார். இரண்டு கால்களும் அந்தரத்தில் ஆடின.

"என்ன மருதி, மூட்டை கட்டியாயிற்றா?" என்றார் மந்திரி.

"அது இருக்கட்டும், மந்திரியாரே. பின்சீட்டு காலியாக இருக்கிறது. மன்னரோடு ஊர்வலம் போகும் பெருமை வேறு யாருக்கு உண்டு?"

மந்திரிக்கு வாயெல்லாம் பல். வேட்டியை மடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். 'புஸ்ஸ்' என்று வண்டி அமுங்கியது. மன்னரின் இரண்டு பாதங்களும் தரையில் அழுந்தப் பதிந்தன!

"எட்டிவிட்டது! மருதி, எட்டிவிட்டது!" மன்னர் சீட்டிலேயே குதித்தார்.

"பாரம் ஏறினால் அமுங்குவதுதான் சஸ்பென்ஷன், மன்னா. தாங்கள் பூப்போல இருப்பதால் அதற்குத் தாங்கள் ஏறியதே தெரியவில்லை."

மந்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. "மன்னா, மலை முழுக்கக் கல்லும் பாறையும்! என் இடுப்பு தாங்காது. நான் இறங்கிவிடுகிறேன்!"

"அசையாதீர்! நீர் இறங்கினால் நான் விழுவேன். பலகையும் வேண்டாம், செருப்பும் வேண்டாம் என்று சொன்னது யார்? இனி நான் போகும் இடமெல்லாம் நீரும் வருகிறீர்!"

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மருதிக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"எனக்கு ஒன்றும் வேண்டாம், மன்னா. மந்திரியாருக்கு மட்டும் வேளாவேளைக்கு நெய்ச்சோறு போடச் சொல்லுங்கள். அவர் இளைத்தால் தாங்கள் மறுபடியும் பூக்கூடைக்குள்தான்!"